கைப்பிடியைக் கழற்றச் சொன்ன வைத்தியர்



லயத்தில் குழாயைத் திறக்கிறோம், தண்ணி வருகிறது. குடத்தில் பிடிக்கிறோம், குடிக்கிறோம். அந்தத் தண்ணி எங்கிருந்து வருகிறது, வருகிற வழியில் எதைத் தொட்டுக்கொண்டு வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அந்தக் கேள்வியை விடாமல் கேட்ட ஒருவரின் வாழ்க்கையை இந்த வாரம் சொல்கிறோம். அவர் பெயர் ஜான் ஸ்நோ.

இவர் துரைமார் வீட்டுப் பிள்ளையல்ல. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1813 மார்ச் 15ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் நிலக்கரிக் கிடங்கில் கூலி வேலை பார்த்தவர். ஒன்பது பிள்ளைகளில் இவரே மூத்தவர். 14 வயதில், நியூகாசில் நகரில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழக அனுப்பினார்கள்.

1831ஆம் ஆண்டின் கடைசியில் அந்த வட்டாரத்தில் காலரா பரவியது. நம் பெரியவர்கள் வாந்திபேதி என்று சொன்னார்களே, அதேதான். கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்துத் தொழிலாளிகளைப் பார்த்துக்கொள்ள இந்தப் பதினெட்டு வயசுப் பையனை அனுப்பினார்கள். சுரங்கக்காரர்கள் எட்டு ஒன்பது மணி நேரம் குழிக்குள் கிடப்பார்கள். உள்ளே கக்கூஸ் கிடையாது. கை கழுவவும் வழியில்லை. கொண்டு போன சாப்பாட்டை அந்தக் கையோடுதான் சாப்பிட வேண்டும். பின்னாளில் காலராவைப் பற்றி எழுதியபோது இதையும் மறக்காமல் எழுதினார்.

1836இல் லண்டனுக்குப் போனார். படித்துப் பட்டம் வாங்கி, மயக்க மருந்து கொடுப்பதில் பேர் பெற்ற வைத்தியரானார். 1853இலும் 1857இலும் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கு மயக்க மருந்து கொடுத்தவர் இவர்தான். மகாராணிக்கே வைத்தியம் பார்த்தாச்சு, இனி நமக்கென்ன என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஏழை பாழைகள் காலராவில் சாவது ஏன் என்பதையே தோண்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் பெரிய பெரிய வைத்தியர்கள் எல்லாம் கெட்ட காற்றுதான் காரணம் என்றார்கள். இல்லை, நோயாளியின் கழிவு குடிதண்ணியில் கலந்து வயிற்றுக்குள் போகிறது என்று ஸ்நோ 1849இல் எழுதினார். யாரும் காது கொடுக்கவில்லை.

1854 ஆகஸ்ட் 31ஆம் தேதி இரவு. லண்டனில் சோஹோ பகுதியில், பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. மூன்றே நாளில் 127 பேர் செத்தார்கள். ஸ்நோ வீடு வீடாக ஏறி இறங்கினார். செத்தவர் யார், எங்கே தண்ணி எடுத்தார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கணக்கெல்லாம் பிராட் தெருவின் அடிபம்பில் போய் நின்றது.

இங்கேதான் தொழிலாளர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. அதே தெருவில் ஒரு பியர் ஆலை. அங்கே எழுபதுக்கு மேற்பட்ட ஆட்கள். ஒருவரும் சாகவில்லை. அவர்கள் குடித்தது பியர், ஆலைக்குள் சொந்தக் கிணறும் இருந்தது. பக்கத்திலேயே துப்பாக்கிக்குத் தோட்டா மூடி செய்யும் ஆலை. அங்கே சுமார் 200 தொழிலாளிகள். அவர்கள் குடிப்பதற்கென்று இரண்டு தொட்டியில் தண்ணி நிரப்பி வைத்திருந்தார்கள். அது அந்த அடிபம்புத் தண்ணி! அங்கே 18 பேர் மாண்டார்கள். தெரு ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். தண்ணிதான் வேறு!

செப்டம்பர் 7ஆம் தேதி வட்டார நிர்வாகக் குழுவின் முன்னால் இந்தக் கணக்கை வைத்தார். மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் பெரும்பாலான சனம் ஊரைக் காலி செய்துவிட்டதால் நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது. அதையும் ஸ்நோ மறைக்கவில்லை. மொத்தம் 616 உயிர்கள் போயின.

அந்த ஊர்ப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட் முதலில் ஸ்நோவின் பேச்சை நம்பவில்லை. பொய்யென்று காட்டத்தான் விசாரிக்கக் கிளம்பினார். கடைசியில் அவரே காரணத்தைக் கண்டுபிடித்தார். பம்புக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி. அந்தத் துணி அலசிய தண்ணியை வீட்டு மலக்குழியில் ஊற்றியிருக்கிறார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் மூன்றடி தூரம்கூட இல்லை. குழியின் செங்கல் சுவர் இற்றுப்போய் உள்ளே ஊறியிருக்கிறது.

ஸ்நோ இன்னொரு பெரிய கணக்கும் போட்டார். தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் தண்ணி விற்றன. லாம்பெத் கம்பெனி 1852இல் சாக்கடை கலக்காத மேல் ஆற்றுக்குப் போய்த் தண்ணி எடுக்க ஆரம்பித்தது. மற்றது நகரத்துச் சாக்கடை விழும் இடத்திலேயே எடுத்தது. 1854இல் முதல் ஏழு வாரத்தில், லாம்பெத் தண்ணி குடித்த 10,000 வீட்டுக்கு 37 சாவு. மற்றதில் 315! தேம்ஸ் ஆறு ஒன்றுதான். எடுத்த இடம் வேறு.

இவ்வளவு காட்டியும் அரசாங்கச் சுகாதாரக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. பிராட் தெருவில் கைப்பிடியையும் பிறகு மாட்டிவிட்டார்கள். 1855இல் 200 பவுனுக்கு மேல் கைக்காசு போட்டுப் புத்தகமாக அச்சிட்டார். போட்ட பணம் திரும்பவில்லை. 1858 ஜூன் 16ஆம் தேதி, பக்கவாதத்தில், 45 வயதிலேயே கண்ணை மூடினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மதுவைத் தொடுவதில்லை என்று உறுதியெடுத்தவர். 1866இல் கிழக்கு லண்டனில் மறுபடி காலரா வந்தபோதுதான் அதிகாரிகள் தண்ணியைக் காரணமாக ஏற்றார்கள். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணியிலேயே அந்தக் கிருமியைக் கண்டார்.

இந்தக் கதையை நாம் சும்மா சொல்லவில்லை. ஸ்நோ கையில் இருந்தது நோட்டும் பென்சிலும் நல்ல கால்களும்தான். அது நமக்கும் இருக்கிறது. தோட்டத்துத் தண்ணித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? கக்கூஸ் குழிக்கும் தண்ணி எடுக்கும் இடத்துக்கும் எத்தனை அடி? மருந்து அடித்த டின்னை ஓடையில் யாராவது கழுவுகிறார்களா? அது நம் வீட்டு ஆளாக இருந்தாலும் தடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பேதி கண்டால், எந்த லயம், எந்தக் குழாய், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். தண்ணி சரியில்லை என்று வாயால் சொன்னால் ஆபீசில் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். லயம் வாரியாகக் கணக்கெழுதி நீட்டினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.