ஸர் லுட்விக் குட்மன்

நியாயஸ்தலத்தில் தூக்குத் தண்டனை பெற்றவனுக்கும் அப்பீல் செய்துகொள்ள வழி உண்டு. ஆனால் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போனவனுக்கு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பீலே கிடையாது. இவன் சில வாரங்களில் சாவது நிச்சயம் என்று வைத்தியர்கள் தீர்ப்பளித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்ததோடு நில்லாமல், அது தவறென்று காரியத்தில் நிரூபித்துக் காட்டியவர் டாக்டர் லுட்விக் குட்மன். அவருடைய சரித்திரம் வைத்தியர்களுக்கு மாத்திரம் உரியதன்று. பொதுக்காரியத்தில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

குட்மன் 1899-ம் வருஷம் ஜூலை 3-ந் தேதி, அப்போது ஜெர்மனியைச் சேர்ந்திருந்த மேல் ஸைலீஷியாவில் டோஸ்ட் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1917-ல், மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், சுரங்கத் தொழிலாளருக்கான ஓர் ஆஸ்பத்திரியில் அவர் ஏவலாளாக வேலை செய்தார். முதுகெலும்பு முறிந்த திடகாத்திரமான வாலிபன் ஒருவன் அங்கே கொண்டுவரப்பட்டான். அவனைத் திரை கட்டி மறைத்து ஒதுக்கினார்கள். அவனைப் பற்றி விரிவாக எழுதிவைக்க வேண்டாம் என்று குட்மனுக்கு உத்தரவாயிற்று. ஐந்து வாரத்தில் அவன் இறந்தான். அந்த முகம் பின்னர் அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

1924-ல் வைத்தியப் பட்டம் பெற்ற குட்மன், பிரெஸ்லா நகரில் புகழ்பெற்ற நரம்பு வைத்திய நிபுணர் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டரிடம் பயின்று பேர்பெற்றார். 1933-ல் ஹிட்லர் ஆட்சி ஏற்பட்டதும், யூதர் என்ற ஒரே குற்றத்துக்காக உத்தியோகத்தை இழந்தார். அந்நகரின் யூத ஆஸ்பத்திரியில் சேர்ந்து 1937-ல் அதன் தலைவரானார். 1938 நவம்பரில் யூதர்களின் கோயில்கள் கொளுத்தப்பட்ட இரவில், வாசலுக்கு வந்த எவரையும் கேள்வியின்றிச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். மறுநாள் ரகசியப் போலீசார் வந்து விசாரித்தபோது, உள்ளே இருந்த 64 பேருக்கும் ஆளுக்கொரு வியாதியைச் சொல்லி வாதாடி, 60 பேரைக் காப்பாற்றினார். மறுவருஷம் மனைவியுடனும் இரு குழந்தைகளுடனும் இங்கிலாந்தில் அகதியாக வந்திறங்கினார்.

ஐரோப்பாக் கரையில் பெரும் படையெடுப்பு நெருங்கிய காலத்தில், காயம்பட்டு வரப்போகும் சிப்பாய்களுக்காக ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில் ஒரு தனி நிலையம் அமைக்க பிரிட்டிஷ் ராஜாங்கம் தீர்மானித்தது. குட்மன் அதன் பொறுப்பை ஏற்றார். 1944 பிப்ரவரி 1-ந் தேதி 26 படுக்கைகளுடன் அது திறக்கப்பட்டது.

இங்கே விஷயத்தைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். முதுகெலும்பின் நடுவே ஓடும் தண்டுவடம், மூளையின் கட்டளையைக் கால்களுக்கும் மூத்திரப் பைக்கும் மலக்குடலுக்கும் கொண்டுசெல்வது. அவ்வுறுப்புகளின் உணர்ச்சியை மூளைக்குத் திருப்பிக் கொண்டுவருவதும் அதுவே. அதன் கீழ்ப்பகுதி நசுங்கினால் கைகளுக்குப் பழுதில்லை, கால்கள் விழுந்துவிடும். ஆயினும் நோயாளியைக் கொன்றது அந்த முறிவு அன்று. வலி தெரியாமல் ஒரே நிலையில் கிடப்பதால், எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே சதை ரத்தவோட்டமின்றி அழுகிற்று. மூத்திரம் தேங்கி நஞ்சாகி மூத்திரக்காய்களைத் தாக்கிற்று. இவ்விரண்டுமே எமன்கள், இரண்டும் தடுக்கக்கூடியவை என்பதே குட்மன் கண்ட உண்மை.

நோயாளியை அடைத்துவைத்த மாக்கட்டுகளை அவர் கழற்றி எறிந்தார். தலையணைகளை அண்டக்கொடுத்து, இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைத்தார். அது நடக்கிறதா என்று நள்ளிரவில் தாமே வந்து பார்ப்பார். மூத்திரத்தைச் சுத்தமான குழாய் கொண்டு கிரமமாக வெளியேற்றச் செய்தார். அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைப்பதாக அவர் ஒருபோதும் சொல்லவில்லை. இன்றுங்கூட அது வைத்திய சாஸ்திரத்துக்குக் கைவராத காரியமே. முறிந்த எலும்பை அறுவையினால் நிலைநிறுத்துவதை அவர் விரும்பவில்லை; இக்காலத்து வைத்தியர் பலர் அதில் அவரோடு மாறுபடுவர். ஆனால் புரட்டுவதும் சுத்தமும் இன்றளவும் அசையாத அஸ்திவாரம்.

உயிர் பிழைத்தவன் சுவரைப் பார்த்துக் கிடப்பதையும் அவர் சகிக்கவில்லை. தச்சு வேலையும் கடிகார வேலையும் கற்பித்தார். கைகளும் தோள்களும் பலப்பட வில்வித்தை பழக்கினார். 1948 ஜூலை 29-ந் தேதி, லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியிலமர்ந்த 16 பேர் ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் அம்பெய்தனர். 1952-ல் ஹாலந்துக்காரர் வந்து சேர்ந்தனர். 1960-ல் ரோமாபுரியில் 23 தேசத்தார் சுமார் 400 பேர் கூடினர். பாராலிம்பிக் பந்தயம் வளர்ந்தது இவ்விதமே. 1966-ல் ஸர் பட்டம் பெற்ற குட்மன், 1980 மார்ச் 18-ந் தேதி காலமானார். கண்டிப்பு மிகுந்தவர்; ஆனால் நோயாளிகள் அவரை அப்பா என்றே அழைத்தனர்.

நமக்கும் இதில் பாடம் இல்லாமற் போகவில்லை. 1954-ல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் இத்தகையோருக்கான புனர்வாழ்வு நிலையம் அவரால் உருவாயிற்று. எனினும் மரத்திலிருந்தும் சாரத்திலிருந்தும் விழுகிறவனைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பாதி நசுங்கிய தண்டுவடம் முழுதும் நசுங்குவது அப்போதுதான். தலையும் உடலும் வளையாமல், சமமான பலகையில் பலர் சேர்ந்து கிடத்திக் கொண்டுபோக வேண்டும். பின்பு வீட்டில் தினந்தோறும் அவன் தோலைப் பார்க்க வேண்டும், புரட்ட வேண்டும், குழாயின் சுத்தத்தைக் காக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. விடாத சிரத்தையே வேண்டும். கால் விழுந்தவனைத் திண்ணையில் ஒதுக்கிவைத்து விதியை நோகும் சமூகம், அன்று அந்த ஆஸ்பத்திரியில் திரை கட்டியவர்களின் கூட்டத்தைச் சேர்ந்ததே. அத்திரையை விலக்குவது நம் கையில் இருக்கிறது.