முப்புரி கண்ட ஜி.என். ராமச்சந்திரன்

திருமலையில் பக்தர்கள் காணிக்கையாகத் தரும் தலைமுடியும், ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பதனிடப்படும் தோலும் புரதத்தால் ஆனவை. முடியின் புரதம் சுருள் வடிவமானது என்று அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங் 1951ல் விளக்கினார். தோலின் புரதமான கொல்லாஜெனுக்கு அவர் சொன்ன அமைப்போ பொருந்தவில்லை. எலும்பு, தசைநார், குருத்தெலும்பு ஆகியவற்றுக்கும் உறுதி தருவது இந்தக் கொல்லாஜென்தான். இதன் வடிவத்தைக் கண்டு சொன்னவர் சென்னையில் பணியாற்றிய பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன்.

அவர் 1922 அக்டோபர் 8ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண அய்யர் கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் பயின்ற ராமச்சந்திரன், 1942ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கிருந்த சர் சி.வி. ராமன், இளைஞரின் திறமையைக் கண்டு தமது பௌதிகத் துறைக்கு மாற்றிக் கொண்டார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், ராமனின் சிபாரிசின் பேரில் அவரைப் பௌதிகத் துறைத் தலைவராக்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். சித்தூரும் திருப்பதியும் அந்நாளில் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தவை.

சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னால், கொல்லாஜென் புதிர் இன்னும் தீரவில்லை என்று எடுத்துக் காட்டினார். கிண்டியில் பல்கலைக்கழக வளாகத்தை அடுத்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாயிற்று. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து, 1954ல் முடிவை வெளியிட்டார்கள். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கொல்லாஜென் மூன்று இழைகள் சேர்ந்தது என்றார்கள். மறு ஆண்டில் அதைத் திருத்தி, மூன்றும் கயிற்றுப் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கியுள்ளன என்று காட்டினார்கள். கயிறு திரிக்கும்போது ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாகவும், மொத்தக் கயிறு எதிர்ப்பக்கமாகவும் முறுக்கப்படும் அல்லவா? கொல்லாஜெனும் அப்படியே.

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை 1953ல் வாட்சனுடன் கண்ட பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச்சுடன் சேர்ந்து சென்னை அமைப்பைக் குறை கூறினார். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இருப்பதாக அவர்கள் வாதித்தார்கள். இழைகளுக்கிடையே உள்ள பிணைப்புகளின் எண்ணிக்கை பற்றி அவர்கள் கூறியதே பின்னர் நிலைத்தது. ஆனால் முப்புரி என்ற அடிப்படை அசையவில்லை.

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இந்தக் கேள்விக்கே விடை காண முனைந்தார் ராமச்சந்திரன். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பும். எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் மோதும், எதில் மோதாது என்பதை சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு 1963ல் ஒரு வரைபடமாக வெளியிட்டார். குறை கூறியவர்களுக்கு மட்டுமின்றி, உலகத்துக்கே அது அளவுகோலாயிற்று. இன்றும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டவர்கள், அது சரியா என்று ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

1971ல் அவர் பெங்களூரில் மூலக்கூறு உயிர்பௌதிகப் பிரிவை நடத்தத் தொடங்கினார். சசிசேகரனும் அங்கு பணியாற்றினார். டி.என்.ஏ. எப்போதும் வலப்புறமாகவே சுழல வேண்டியதில்லை என்று சசிசேகரன் குழுவினர் 1976ல் வாதித்தார்கள். அவர்கள் சொன்ன அமைப்பு முழுதும் ஏற்கப்படவில்லை. ஆயினும் 1979ல், முன்பு சென்னையை எதிர்த்த அதே ரிச்சின் குழு, இடப்புறம் சுழன்ற டி.என்.ஏ.வைப் படிகத்தில் கண்டது. அத்தகைய ஆர்.என்.ஏ.வும் உண்டு, அதை இனங்கண்டு பற்றும் புரதங்கள் நம் உடலில், வைரஸ் எதிர்ப்பு ஏற்பாட்டிலேயே இருக்கின்றன.

உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் ஸ்கேனுக்கு உதவும் ஒரு கணித முறையை ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் 1971ல் தந்தவரும் ராமச்சந்திரன்தான். 1977ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு கிட்டவில்லை. 1998ல் மனைவி ராஜலட்சுமி காலமானார். நோயால் தளர்ந்திருந்த ராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7ந் தேதி சென்னையில் மறைந்தார்.

சிறு துறை, குறைந்த சாதனங்கள், எதிரே கேம்பிரிட்ஜ். இந்த நிலையிலும் அவர் சண்டைக்குப் போகவில்லை. குறை சொன்ன இடத்தையே எடுத்து ஆராய்ந்தார். அதனால் கிடைத்த வரைபடம் பரிசுகளைவிட நீண்ட நாள் அவர் பெயரைச் சொல்லும்.