இலவசமாய் வந்ததன் விலை

மலருக்கு ஏதாவது எழுதுங்கள், பழைய விடுதிக் கதையானாலும் பரவாயில்லை என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். விடுதிக் கதையில்தான் தொடங்குகிறேன். ஆனால் போய்ச் சேரப்போவது ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பெரியவரிடம்.

எனக்குச் சொந்த ஊர் ஆண்டிமடம் பக்கம். செம்மண்ணும் முந்திரியும்தான் எங்கள் சொத்து. நான் இரண்டாம் ஆண்டு படிக்கையில் முந்திரி பூ கருகிப் போச்சு. விடுதிப் பணம் கட்ட வழியில்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு போகலாம் என்று ஆபீசுக்குப் போனால், என் பாக்கி முழுவதும் கட்டியாகிவிட்டது என்றார்கள். யார் கட்டினார்கள் என்று சொல்லவில்லை. இன்று வரை எனக்குத் தெரியாது.

என் அறைத் தோழன் வரதராசன்பேட்டைக்காரன், கிறிஸ்தவன். மீட்பு என்பது கடவுள் சும்மா கொடுக்கிற கொடை என்பான். சும்மா கிடைக்கிற பொருளுக்கு மதிப்பு ஏதுடா என்று நான் மடக்குவேன். வாங்குகிறவனுக்குத்தான் அது சும்மா, கொடுத்தவர் சிலுவையில் உயிரையே விலையாகக் கொடுத்தார், அதுதான் தங்கள் விசுவாசம் என்று பொறுமையாகச் சொல்வான். எனக்கு அது அப்போது ஏறவில்லை. ஒரு விடுமுறையில் என்னைக் கொள்ளிடக் கரைப் பக்கம் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு அழைத்துப் போனான். பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் தெரிந்திருந்த வீரமாமுனிவர், அங்கேதான் எனக்கு ஒரு மனிதராகத் தெரிந்தார்.

இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி பிறந்தவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் வந்து இறங்கி, 1711-இல் மதுரை மிஷனுக்கு வந்தார். அப்போது வயது முப்பது. அதன் பிறகு 36 ஆண்டுகள் இந்த மண்ணில் இருந்தார். சொந்த ஊர்ப் பக்கம் திரும்பிப் போகவே இல்லை.

முதலில் பெயரை விட்டார், தைரியநாதர் ஆனார். பிறகு உடையை விட்டுக் காவி கட்டினார். புலாலை விட்டார். எல்லாவற்றையும்விடப் பெரியது, தாய்மொழியை விட்டார். முப்பது வயதுக்கு மேல், ஒரு குழந்தை மாதிரி அ, ஆ என்று தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கணம் கற்றதாகச் சொல்வார்கள்.

உயிருக்கே வந்த ஆபத்தும் உண்டு. தென்பாண்டிச் சீமையில் குருக்கள்பட்டியில் பணி செய்தபோது பிடிபட்டு, மரண தண்டனை வரை போய்த் தப்பினார். அவருக்கு முன் இதே மிஷனில் உழைத்த அருளானந்தர் அப்படித் தப்பவில்லை. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அவர் மொத்தமாகக் கொடுத்த விலையை, வீரமாமுனிவர் தவணை தவணையாகக் கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். அந்த ஊர்மேல் கலம்பகம் பாடினார். 1726-இல் தேம்பாவணியை முடித்தார். 36 படலம், 3615 பாட்டு. அதன் தலைவன் அரசனும் இல்லை, போர் வீரனும் இல்லை. இயேசுவை வளர்த்த தச்சர் சூசையப்பர். நற்செய்தி நூல்களில் அவர் வாய் திறந்து பேசியதாக ஒரு சொல் கூடக் கிடையாது. குழந்தையைக் காப்பாற்ற இரவோடு இரவாக எகிப்துக்குப் போனார், உழைத்தார், மறைந்தார். ஊரையும் உறவையும் விட்டு வந்தவருக்கு இந்த மனிதரைப் பாடத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

சதுரகராதியை 1732-இல் தொகுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். அந்தக் காலத்து ஓலையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவது ஒரு புள்ளிதான். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதையும் விட்டுவிடுவார்கள். ஏ, ஓ என்று நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தவர் இவர். ஏலாக்குறிச்சி என்று எழுதும்போது முதல் எழுத்தே அவர் கொடுத்ததுதான்! எந்த மதத்துக்காரரானாலும் அதைக் காசு கொடுக்காமல்தான் எழுதுகிறோம்.

கட்டி எழுப்பிய ஊரிலேயே கண்ணை மூடவும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1741-இல் மராத்தியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்தார்கள். நாடெல்லாம் குழப்பம். கடைசி ஆண்டுகளில் இந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, கேரளத்து அம்பழக்காட்டில் 1747-இல் இறந்தார். தேதி பிப்ரவரி 4. அருளானந்தர் ஓரியூரில் மடிந்த அதே நாள், 54 ஆண்டு கழித்து. வாளால் போனவரும் படுக்கையில் போனவரும் ஒரே விலையைத்தான் கொடுத்தார்கள் என்று அந்தத் தேதி சொல்வதுபோல இருக்கிறது. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

நான் மதம் மாறவில்லை. தோழனும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பழைய தர்க்கத்தில் நான் தோற்றுப்போனேன் என்பதை இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். சும்மா கிடைப்பது மலிவானது என்று நினைத்தேன். விலையை நம்மிடம் கேட்காமல் வேறொருவர் கட்டிவிட்டார் என்பதுதான் விஷயம். அது தெரிந்த பிறகு வாங்கியவன் பழைய ஆளாக இருக்க முடியாது. அதுதான் வாங்கியவன் கொடுக்க வேண்டிய விலை போலிருக்கிறது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளே, இந்த வருஷமும் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை விடுதியில் உட்கார்ந்திருக்கும். என் பங்கை ஆபீசில் கொடுத்துவிட்டேன். கட்டியவர் யார் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.