வாப்பாவின் குளிசையும் பேராசிரியர் சேனக பிபிலேயும்

நோன்புக்கு முன்னர் வாப்பாவின் மருந்துப் பையைத் துப்புரவு செய்தபோது, ஒரு மாதத்துக்கென வாங்கிக் கொடுத்த கொழுப்புக் குளிசையில் பாதி அப்படியே இருந்தது. விசாரித்தேன். விலையை அறிந்ததிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறாராம். இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த மனிதர். பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்ற எண்ணம்.

துண்டில் இருந்தது ஒரு கம்பனி வைத்த பெயர். அந்த மருந்தின் பெயர் அட்டோவஸ்டட்டின். வைத்தியரிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் மருந்தின் பெயரையே எழுதித் தந்தார். கண்டி ஒசுசலவில் வாங்கியபோது செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. திரும்பி வரும் வழியில் எனக்கு நினைவு வந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே.

1920இல் பிறந்த அவர், கண்டி திரித்துவக் கல்லூரியில் கற்று, கொழும்பு மருத்துவக் கல்லூரியில் வைத்தியரானார். எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, நாட்டின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தார். தனியார் சிகிச்சையில் பெரும் பணம் தேடியிருக்கலாம். சமசமாஜக் கட்சிக்காரரான அவர் அந்த வழியில் போகவில்லை.

ஒரே மருந்து பல பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுவதையும், அதற்காக நாட்டின் அந்நியச் செலாவணி கரைவதையும் அவர் கண்டார். 1971இல் டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அரசுக்கு அறிக்கை சமர்ப்பித்தார். அதே ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவர் அவரே.

அவருடைய வழி எளிமையானது. தனியார் துறைக்கு இறக்குமதியான சுமார் 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரில் உலகளாவிய கேள்விமனுக் கோரினார். தரத்தைப் பரிசோதித்து, குறைந்த விலைக்குத் தந்தவரிடம் மொத்தமாக வாங்கினார். பெரும் மருந்துக் கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. உள்ளூரிலும் எதிர்ப்பு இருந்தது. அவர் அசையவில்லை.

பின்னர் ஐக்கிய நாடுகள் பணியில் இணைந்து, ஏனைய வறிய நாடுகளுக்கும் இந்த வழியைக் கொண்டு சென்றார். அந்தப் பணியில் கயானாவில் இருந்தபோது, 1977 செப்டெம்பரில் காலமானார். வயது 57. உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அவருடைய கொள்கையைச் சட்டமாக்க வேண்டும் என்ற நீண்டகாலக் கோரிக்கைக்குப் பின், 2015இல்தான் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்தது.

சட்டம் இருந்தும், நாம் கேட்காவிட்டால் பயன் குறைவு. துண்டில் மருந்தின் பெயரையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பதிவு செய்யப்பட்ட, விலை குறைந்த அதே மருந்து இருக்கிறதா என்று பாமசியில் விசாரியுங்கள். வேறொன்றுக்கு மாறுவதானால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். காசுக்காகக் குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள்; விலையை வாய்விட்டுச் சொல்வதில் வெட்கமில்லை. வயதான பெற்றோர் இருந்தால், அவர்களுடைய மருந்துப் பையை ஒருமுறை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வாப்பா இப்போது ஒவ்வோர் இரவும் குளிசை போடுகிறார். அவருக்குச் சேனக பிபிலே யாரென்று தெரியாது. இந்த வாரம்தான் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்.