நாள் முழுக்க ஒத்தை மைக்: இந்தியாவின் முதல் கிரிக்கெட் வர்ணனையாளர் தல்யார்கான் கதை

மறைமலைநகர்:

மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், கூடுவாஞ்சேரி பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் போனால் எங்காவது ஒரு கிரவுண்டில் டென்னிஸ் பால் கிரிக்கெட் நடக்கும். கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கரில் ஒருத்தர் விடாமல் பேசிக்கிட்டே இருப்பார். ஸ்கோர் சொல்றது, அடுத்த டீமை கூப்பிடுறது, பைக்கை ஓரமா நிறுத்தச் சொல்றது, சிக்ஸ் அடிச்சவனை கிண்டல் பண்றது எல்லாமே அந்த ஒரே ஆள்தான். சாயங்காலம் கோப்பை கொடுக்கும்போது அவர் தொண்டை கட்டியிருக்கும்.

இந்த வேலையை ரேடியோவில், அதுவும் ஒரு நாள் முழுக்க, பக்கத்தில் மாத்து ஆள் இல்லாமல் செய்தவர் ஒருவர் இருந்தார். பெயர் ஏ.எப்.எஸ். தல்யார்கான். மும்பைக்காரர். ஊரே அவரை பாபி என்று கூப்பிட்டது. இந்தியாவில் கிரிக்கெட்டுக்கு ரேடியோ கமென்ட்ரி ஆரம்பித்து வைத்தவர் என்று விளையாட்டு வரலாற்றில் இடம் பிடித்தவர். புகழின் உச்சியில் இருந்தபோது மைக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியவரும் அவர்தான்.

37 வயதில் மைக்

தல்யார்கான் பிறந்தது 1897-ல். பார்சி குடும்பம். மும்பையில் கிரிக்கெட்டை முதலில் கையில் எடுத்த இந்தியர்கள் பார்சிகள்தான். வெள்ளைக்காரன் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, தாங்களே கிளப் ஆரம்பித்து ஆடியவர்கள். அந்தச் சூழலில் வளர்ந்தவருக்கு கிரிக்கெட் தானா வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர் பேர் வாங்கியது பேட்டால் அல்ல, வாயால்.

உலகத்திலேயே கிரிக்கெட்டை ரேடியோவில் சொல்ல ஆரம்பித்தது ஆஸ்திரேலியாவின் சிட்னியில், 1922-ல். நம்ம நாட்டுக்கு அது வந்து சேர 12 வருஷம் ஆனது. 1934-ல் மும்பை எஸ்பிளனேடு மைதானத்தில் பார்சி அணிக்கும் முஸ்லிம் அணிக்கும் போட்டி. அதை நேரடியாக வர்ணிக்க தல்யார்கான் மைக் முன்னால் உட்கார்ந்தார். வயது 37. அப்போது ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் கூட வரவில்லை. அந்தப் பெயர் 1936-ல்தான் வந்தது.

போட்டியின் பெயரைப் பார்த்து இன்றைக்கு இருக்கிறவர்களுக்கு தூக்கிவாரிப் போடலாம். அந்தக் காலத்து மும்பையில் பெரிய கிரிக்கெட் என்றால் ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று நாலு அணிகள் மோதும் போட்டிதான். 1937-ல் மற்றவர்கள் என்று ஐந்தாவது அணியும் சேர்ந்தது. மதத்தை வைத்து அணி பிரிப்பது சரியில்லை என்று 1940-ல் காந்தியே சொன்னார். இருந்தாலும் 1946 வரைக்கும் இது ஓடியது. கூட்டம் அலைமோதும். உள்ளே போக முடியாதவர்களுக்கு ரேடியோதான் கதி.

அதில் தல்யார்கான் செய்த வேலை லேசானது இல்லை. அவரே பார்சி. அவர் வர்ணித்த முதல் ஆட்டத்தில் ஆடியது பார்சி அணி. எதிரே முஸ்லிம் அணி. கேட்டுக்கொண்டு இருப்பவர்களில் எல்லா மதத்துக்காரர்களும் உண்டு. ஒரு அவுட்டைப் பத்தி வாய் தவறி ஒரு வார்த்தை கூடுதலா விழுந்தாலும் டீக்கடையில் அடிதடி ஆகிவிடும்.

கண்ணு ஒருத்தருக்கு, காது லட்சம் பேருக்கு

டி.வி. இல்லாத காலம் அது. ரேடியோ பெட்டி வைத்திருக்கவே தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தாலே பெரிய விஷயம். ஜன்னல் ஓரம் நின்று பத்து பேர் கேட்பார்கள்.

டி.வி. கமென்ட்ரி வேற, ரேடியோ கமென்ட்ரி வேற. டி.வி.யில் பந்து எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பேசுகிறவர் சும்மா இருந்தாலும் ஆட்டம் நடக்கும். ரேடியோவில் பேசுகிறவர் வாயை மூடினால் ஆட்டமே நின்ற மாதிரி. பவுலர் எந்தப் பக்கத்தில் இருந்து ஓடி வருகிறார், ஸ்லிப்பில் எத்தனை பேர், பேட்ஸ்மேன் காலை முன்னே வைத்தாரா பின்னே வைத்தாரா, பந்து எந்த பக்கம் போனது, யார் துரத்துகிறார், எத்தனை ரன், மொத்தம் எவ்வளவு என்று எல்லாத்தையும் பந்து தரையில் உருளும் நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். அதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். நடுவில் புதிதாக ரேடியோவை திருப்பியவருக்காக ஸ்கோரை மறுபடியும் சொல்ல வேண்டும். மந்தமான ஆட்டமாக இருந்தால் இன்னும் கஷ்டம். மெய்டன் ஓவர் மேல மெய்டன் ஓவர் போகும்போது என்னத்தைச் சொல்றது?

இன்றைக்கு ஒரு வர்ணனையாளர் அரை மணி நேரம் பேசிவிட்டு அடுத்தவரிடம் மைக்கை கொடுத்துவிடுவார். பக்கத்தில் பழைய வீரர் ஒருத்தர் கருத்து சொல்ல, இன்னொருத்தர் புள்ளிவிவரம் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கும். தல்யார்கான் காலையில் முதல் பந்தில் இருந்து சாயங்காலம் ஸ்டம்பை பிடுங்கும் வரைக்கும் ஒத்தை ஆளாகப் பேசினார். ஓய்வு என்றால் மதிய சாப்பாட்டு இடைவேளையும் டீ இடைவேளையும்தான். பல நாள் ஆட்டம் என்றால் மறுநாளும் இதே கதைதான்.

அவர் குரல் கனமானது. கேட்டவர்கள் மறக்கவில்லை. ஆட்டத்தைச் சொல்வதோடு நிற்காமல் தன் கருத்தையும் தைரியமாகச் சொல்வார். மும்பையில் 1937-ல் பிரபோர்ன் ஸ்டேடியம் வந்த பிறகு அந்தக் குரலுக்கு இன்னும் மவுசு கூடியது. 1943-ல் அந்த ஸ்டேடியத்தில் நடந்த ஐந்து அணி போட்டி இறுதி ஆட்டத்தில் மற்றவர்கள் அணி எடுத்த 387 ரன்னில் விஜய் ஹசாரே ஒருவரே 309 அடித்தார். இப்படிப்பட்ட ஆட்டங்கள்தான் அன்றைய மும்பை ரேடியோவுக்குத் தீனி.

அதே 1934-ல்தான் ரஞ்சிக் கோப்பையும் ஆரம்பித்தது. முதல் ஆட்டம் நம்ம சேப்பாக்கத்தில், நவம்பர் 4-ந்தேதி. சென்னை அணி மைசூரை ஒரே நாளில் சுருட்டியது. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். ஆட்டத்தை மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் முடிந்து, நடக்கும்போதே காதால் கேட்கும் காலம் தொடங்கிய வருஷம் அது.

மூணு பேர் என்றால் நான் இல்லை

தல்யார்கானுக்கு ஒரு பிடிவாதம். மைக்கை யாரோடும் பங்கு போட மாட்டார். ஒரு ஆட்டம் என்றால் ஒரு குரல். அதுதான் அவர் கணக்கு.

1948-ல் வெஸ்ட் இண்டீஸ் அணி இந்தியா வந்தது. சுதந்திரம் வாங்கிய பிறகு நம்ம மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர். அதோடு இன்னொரு விஷயமும் உண்டு. அதற்கு முன்னால் இந்தியாவில் அதிகாரப்பூர்வ டெஸ்ட் நடந்தது 1934 பிப்ரவரியில், சேப்பாக்கத்தில். அதற்குப் பிறகு தல்யார்கான் மைக் பிடித்து 14 வருஷம் ஓடிப்போனது. அத்தனை வருஷத்தில் நம்ம நாட்டில் ஒரு அதிகாரப்பூர்வ டெஸ்ட் கூட நடக்கவில்லை. உலகப் போர் வேறு குறுக்கே வந்துவிட்டது. அதாவது ஒரு வர்ணனையாளர் காத்துக்கிட்டு இருந்த வாய்ப்பு 14 வருஷம் கழித்து வாசலுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஆல் இந்தியா ரேடியோ ஒரு முடிவு எடுத்தது. இனிமேல் மூன்று பேர் கொண்ட குழு, மாற்றி மாற்றி வர்ணிக்கும் என்று சொல்லிவிட்டது.

ரேடியோ பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஐந்து டெஸ்ட், ஒவ்வொன்றும் ஐந்து நாள், டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று ஊர் ஊராக நடக்கும் தொடர். ஒருத்தருக்கு ஜலதோஷம் பிடித்தால் நாடே ஸ்கோர் தெரியாமல் உட்கார வேண்டியதுதான். கொல்கத்தாவின் பெர்ரி சர்பாதிகாரி போன்ற திறமைசாலிகளும் களத்தில் இருந்தார்கள். அரசாங்க ரேடியோ ஒரே ஆளின் கருத்தை மட்டும் நாள் முழுக்க ஒலிபரப்ப முடியுமா என்ற கேள்வியும் உண்டு.

ஆனால் தல்யார்கான் மசியவில்லை. வேண்டாம் என்று விலகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 51.

இதை கர்வம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் கர்வம்தான். ஆனால் நாள் முழுக்க ஒரு மெஷினை தானே ஓட்டிப் பழகிய ஆளிடம், இனி மூணுல ஒரு பங்கு நேரம் மட்டும் ஓட்டினால் போதும் என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும் என்பது இந்தப் பக்கத்து கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். சம்பளம் மட்டும் விஷயம் இல்லை.

அவர் விட்டுப்போன தொடர் எப்படிப்பட்ட தொடர் என்று பார்த்தால்தான் நஷ்டம் புரியும். வெஸ்ட் இண்டீஸ் வீரர் எவர்டன் வீக்ஸ் இந்தியாவில் வரிசையாக நாலு சதம் அடித்தார். ஊரில் அடித்துவிட்டு வந்த ஒன்றையும் சேர்த்தால் தொடர்ந்து ஐந்து. இன்று வரைக்கும் அந்த சாதனையை யாரும் தாண்டவில்லை. ஆறாவது சதம் வர வேண்டிய இடம் சேப்பாக்கம். 1949 ஜனவரியில் அங்கே 90 ரன்னில் வீக்ஸ் ரன் அவுட் ஆனார். அவுட்டா இல்லையா என்று அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு ரொம்ப வருஷம் ஓடியது.

அடுத்தது மும்பை டெஸ்ட், பிப்ரவரி மாதம். தல்யார்கானின் சொந்த ஊர். கடைசி நாள் இந்தியா ஜெயிக்க மொத்தம் 361 ரன் வேண்டும். ஹசாரே 122 அடித்தார். கடைசி நேரத்தில் பட்கர் போராடினார். ஸ்கோர் 8 விக்கெட்டுக்கு 355. இன்னும் 6 ரன்தான். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி கையெட்டும் தூரத்தில். அந்த ஓவரில் ஒரு பந்து பாக்கி இருக்கும்போதே அம்பயர் பெயில்ஸை எடுத்துவிட்டார். ஆட்டம் டிரா.

ஒரு ரேடியோ வர்ணனையாளருக்கு ஆயுளில் ஒரு தடவைதான் இப்படி ஒரு முடிவு கிடைக்கும். அது அவர் ஊரிலேயே நடந்தது. ஆனால் மைக் அதற்குள் குழுவின் கைக்கு போயிடுச்சு.

இந்தியா முதல் டெஸ்ட் வெற்றியைப் பார்க்க இன்னும் மூன்று வருஷம் ஆனது. அதுவும் நம்ம சேப்பாக்கத்தில்தான். 1952 பிப்ரவரியில் வினு மன்கட் 12 விக்கெட் எடுக்க, இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்றது.

பேனாவுக்கு மாறினார்

மைக்கை விட்டாலும் தல்யார்கான் சும்மா இருக்கவில்லை. பத்திரிகையில் எழுதினார். மும்பையின் பிளிட்ஸ் வாரப் பத்திரிகை, பிற்பாடு மிட்-டே மாலை நாளிதழ் என்று அவர் பத்தி தொடர்ந்து வந்தது. பேசிய மாதிரியே எழுதினார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடம் சொல்கிற மாதிரி இருக்கும். கிரிக்கெட் வாரியம், தேர்வுக் குழு என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. ரேடியோவில் பாதி பேச்சை அடக்க வேண்டியிருந்தவருக்கு பேப்பரில் அந்தத் தொல்லை இல்லை.

குழு முறை நிலைத்துவிட்டது. சர்பாதிகாரி, விஜயநகரம் இளவரசர் விஜி என்று புதுப்புது குரல்கள் வந்தன. ஆங்கிலத்தோடு மற்ற மொழிகளும் சேர்ந்தன. பிறகு சேப்பாக்கத்தில் இருந்து தமிழ் வர்ணனையும் வந்தது. அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி குரல்களை டிரான்சிஸ்டரில் கேட்டவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னமும் நிறைய பேர் உண்டு. பந்து வீச்சு, மட்டை, எல்லைக்கோடு என்று தமிழிலேயே சொல்லி ஆட்டத்தைக் கண் முன்னால் நிறுத்தினார்கள். தனித்தமிழுக்காக நின்ற மறைமலை அடிகள் பெயரை வைத்திருக்கும் ஊரில் அந்தக் கமென்ட்ரிக்கு தனி மரியாதை இருந்ததில் அதிசயம் இல்லை. ஜப்பார் 2020-ல் மறைந்தார்.

தல்யார்கானும் ஒரு தடவை ரேடியோவுக்குத் திரும்பினார். 1972-73-ல் டோனி லூயிஸ் தலைமையில் இங்கிலாந்து அணி வந்தபோது, ஆட்ட முடிவில் அன்றைய ஆட்டத்தைத் தொகுத்துச் சொல்லும் வேலை. அப்போது அவருக்கு 75 வயது. அந்தத் தொடரில் சந்திரசேகர் 35 விக்கெட் எடுத்தார், இந்தியா 2-1 என்று ஜெயித்தது. பந்துக்குப் பந்து வர்ணிப்பதை குழுவில் இருந்த மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டம்பை பிடுங்கி எல்லாரும் பேசி முடித்த பிறகு மைக் அவரிடம் வரும். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ஒத்தைக் குரல், பக்கத்தில் பங்கு கேட்க ஆள் இல்லை.

தல்யார்கான் 1990-ல் காலமானார்.