பெத்லகேமுக்குத் தமிழ்ப் பாட்டுத் தந்த தஞ்சைக் கவிராயர்

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூருக்குத் தனி அழகு வந்துவிடும். விடியற்காலையில் வாசல்தோறும் கோலம். மாட வீதிகளில் பஜனை. மாலையில் சபாக்களில் கச்சேரி.

அதே மார்கழியில்தான் கிறிஸ்துமசும் வருகிறது. சாந்தோமிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் கிறிஸ்தவர் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் தொங்கும். இரவில் பாடகர் குழுவினர் வீடு வீடாகச் சென்று பாடுவார்கள். காது கொடுத்துக் கேட்டால் ஒரு விஷயம் புலப்படும். அவர்கள் பாடும் பாட்டுகள் பலவற்றில் பல்லவி உண்டு, அனுபல்லவி உண்டு, சரணம் உண்டு. ராகமும் தாளமும் நம் ஊர் ராகமும் தாளமுமே.

இயேசு பிறந்தது யூதர் நாட்டில். புரொட்டஸ்டண்டு சபையை இங்கே நிறுவியவர்கள் ஐரோப்பியப் பாதிரிமார்கள். அப்படியிருக்க, அந்தச் சபையின் திருநாளுக்குத் தமிழ் இசை வந்தது எப்படி? அது தானாக வந்துவிடவில்லை. அதற்காக வாழ்நாள் முழுவதும் பாடியும் வாதாடியும் நின்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்.

"பிரதாப முதலியார் சரித்திரம்" எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு; இவர் வேறு. பிள்ளை பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே பிறந்தவர் சாஸ்திரியார்.

நெல்லைச் சிறுவன்

1774-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி திருநெல்வேலிச் சீமையில் வேதநாயகம் பிறந்தார். தந்தையார் பெயர் தேவசகாயம் பிள்ளை.

அந்தக் காலத்தில் தஞ்சையில் சுவார்ட்ஸ் பாதிரியார் என்ற ஜெர்மானியர் இருந்தார். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர் அவர். நன்றாகத் தமிழ் பேசுவார். தஞ்சை மன்னர் துளஜாஜியிடம் அவருக்கு மிகுந்த செல்வாக்கு. 1785-ல் அவர் நெல்லைக்குச் சென்றபோது சிறுவன் வேதநாயகத்தைக் கண்டார். பையனின் சூட்டிகை அவருக்குப் பிடித்துப்போயிற்று. பெற்றோரின் சம்மதத்தோடு தஞ்சைக்கு அழைத்து வந்து, சொந்தப் பிள்ளை போல வளர்த்துப் படிக்க வைத்தார்.

1787-ல் துளஜாஜி மன்னர் காலமானார். அவர் சுவீகாரம் எடுத்த பிள்ளை சரபோஜியைக் காக்கும் பொறுப்பும் சுவார்ட்சிடமே வந்தது. ஏழைப் புலவனும் இளவரசனும் ஒரே குருவின் நிழலில் வளர்ந்தார்கள். பின்னாளில் சரபோஜி அரியணை ஏறினார். வேதநாயகமோ 19-வது வயதிலேயே தஞ்சையில் மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆனார். கணிதம், பூகோளம், வான சாஸ்திரம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

ஒட்டாத மெட்டு

அந்நாளில் சபைகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஞானப்பாட்டுகள். அவை ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கியவை. சொல் தமிழ், மெட்டு ஜெர்மன். இதில் ஒரு சங்கடம் இருந்தது. தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு பெரிது. கல் வேறு, கால் வேறு. கலை வேறு, காலை வேறு. அயல் மெட்டுக்காகக் குறிலை இழுத்துப் பாடினால் பொருள் கெட்டுவிடும். பக்தி இருந்தும் பாட்டு நாவில் ஒட்டாது.

இளைஞர் வேதநாயகம் வேறு வழியில் சென்றார். கும்மி, உலா, மாலை, நாடகம் என்று தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு மகிழ்ந்த வடிவங்களை எடுத்துக்கொண்டார். அவற்றில் வேதக் கதைகளைப் பாடினார்.

பெத்லகேம் குறவஞ்சி

1800-ம் ஆண்டில் அவர் இயற்றிய நூல்தான் "பெத்லகேம் குறவஞ்சி".

குறவஞ்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது திரிகூடராசப்பக் கவிராயரின் "திருக்குற்றாலக் குறவஞ்சி". தலைவனை எண்ணித் தலைவி ஏங்குவாள். குறத்தி வருவாள்; மலைவளம் பாடுவாள்; கை பார்த்துக் குறி சொல்வாள். பிறகு அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்க வருவான். ஊரே கூடிக் கண்டு களிக்கும் நாடகம் அது.

சாஸ்திரியார் இதே கதைப் போக்கை வைத்துக்கொண்டு, குற்றாலத்தின் இடத்தில் பெத்லகேமை வைத்தார். பெத்லகேம் இயேசு பிறந்த சிற்றூர். அவரது நூலில் தலைவன் இயேசு. ஏங்கி நிற்கும் தலைவி சபை. குறி சொல்ல வரும் சிங்கி விசுவாசம். பறவை பிடிப்பவர்கள் வேதம் சொல்லும் உபதேசியார்கள். பறவைகள் மனித ஆத்துமாக்கள். பள்ளியில் தாம் கற்பித்த பூகோளத்தையும் வான சாஸ்திரத்தையும் அந்தப் பாட்டுக்குள்ளேயே சேர்த்தும் விட்டார்!

எங்கோ இருந்த பெத்லகேம், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பக்கத்து ஊர் போல ஆயிற்று. தஞ்சையில் மட்டுமல்ல, சென்னையிலும் அவர் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தார்கள். சுவிசேடக் கவிராயர், வேத சிரோமணி என்ற பட்டங்கள் அவரைத் தேடி வந்தன.

பூவும் பாட்டும் குற்றமா?

சுவார்ட்ஸ் 1798-ல் காலமானார். அவரைப் போன்ற பழைய பாதிரிமார்கள் தமிழர் வழக்கங்களில் பலவற்றைப் பொறுத்துக்கொண்டவர்கள். அவர்களுக்குப் பின் புதியவர்கள் வந்தார்கள். 1820-ம் ஆண்டுகளில் தகராறு முற்றியது.

திருநாளிலும் கலியாணத்திலும் பூமாலை எதற்கு என்றார்கள் புதியவர்கள். கோவிலில் தமிழ்ச் சங்கீதம் வேண்டாம் என்றார்கள். பழகிப்போன தமிழ் வேத புத்தகத்தையும் திருத்தி எழுத முற்பட்டார்கள். இவற்றையெல்லாம் கொடுமைகள் என்று சாஸ்திரியார் எழுதிக் கண்டித்தார். தமிழன் கிறிஸ்தவன் ஆனால் தமிழனாக இருப்பதை விட்டுவிட வேண்டுமா? பூவில்லாமல், பாட்டில்லாமல் அவன் வீட்டில் ஒரு பண்டிகை ஏது? இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

இதுவரை நியாயம் அவர் பக்கம். ஆனால் அவர் கொடுமை என்று எழுதியவற்றில் இன்னொன்றும் உண்டு. கோவிலில் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற வேண்டும் என்றார்கள் புதிய பாதிரிமார்கள். சாஸ்திரியார் வேளாளர் குலத்தவர். அதை அவர் ஏற்கவில்லை. மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தையை ஆயிரமாயிரம் அடிகளில் பாடியவர், அந்தக் குழந்தையின் முன்னே எல்லாரும் சமம் என்பதைக் காணத் தவறினார். பூமாலையும் சாதி வரிசையும் அவருக்கு ஒரே வழக்கமாகத் தோன்றின. அங்கேதான் அவர் சறுக்கினார்.

இந்தத் தகராறில் 1829-ல் அவருக்கு மிஷன் வேலை போயிற்று. சாதி விஷயமே முக்கியக் காரணம். நாலு வருஷம் கழித்து, 1833-ல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பான உத்தரவே போட்டார்.

மன்னர் கைகொடுத்தார்

வேலை இழந்த புலவருக்கு உதவியவர் யார் தெரியுமா? பழைய தோழர் சரபோஜி மன்னர். மன்னர் சைவ வழிபாட்டில் ஊறியவர். ஆனாலும் கிறிஸ்தவப் புலவருக்கு அரண்மனையில் இடம் தந்தார். மன்னர் தம் தெய்வத்தைப் பாடும்படி கேட்டதாகவும், சாஸ்திரியார் பணிவோடு மறுத்து இயேசுவையே பாடியதாகவும் கிறிஸ்தவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. 1832-ல் மன்னர் மறைந்தார்.

தஞ்சை சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் கோவிலில் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்சின் கையைச் சரபோஜி பற்றியிருக்கும் காட்சி அது. லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு மன்னரே செய்வித்தது. வேதநாயகத்தை வளர்த்தவரும் ஆதரித்தவரும் அங்கே ஒரே கல்லில் இருக்கிறார்கள்.

கிழவரைத் தேடி வந்தவர்

கடைசியில் காலம் திரும்பிற்று. மதுரைப் பக்கம் ஊழியம் செய்த எட்வர்டு வெப் என்ற அமெரிக்கப் பாதிரியார் தமிழ்க் கீர்த்தனைகளின் சக்தியை உணர்ந்தார். முதிர்ந்த வயதில் இருந்த சாஸ்திரியாரிடம் வந்து அவர் பாட்டுகளைக் கற்றார். அவற்றையும் சேர்த்து 1853-ல் கீர்த்தனைப் புத்தகம் ஒன்றை அச்சிட்டார். வேண்டாம் என்று ஒதுக்கிய சங்கீதம் புத்தகமாகிக் கோவிலுக்குள் வந்தது. அப்போது சாஸ்திரியாருக்கு வயது ஏறத்தாழ 79.

1864-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, 89-வது வயதில், தஞ்சை சுவிசேடக் கவிராயர் காலமானார். அவர் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காலட்சேபம் செய்து அவர் பாட்டுகளைக் காத்து வந்தார்கள்.

1947 செப்டம்பர் 27-ந் தேதி, சென்னை கதீட்ரல் சாலையிலுள்ள தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அந்தச் சபையின் தமிழ்க் கோவில்களில் இன்று கிறிஸ்துமஸ் அன்று கீர்த்தனை முழங்குகிறது. பீடத்தில் பூ இருக்கிறது. சாஸ்திரியார் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் தடுக்கப் பார்த்ததும் நடந்தது: சாதி பார்த்து இடம் பிரிக்கக் கூடாது என்பதே இன்று சபையின் விதி. விதி இருந்தும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்வரை சாதி தொடர்கிறது என்பது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. அவர் பாட்டைப் பாடுகிறவர்கள் அவர் விட்ட குறையையும் தீர்க்க வேண்டும்.