சேற்றைப் பூசச் சொன்ன முனிவர்



தவக்காலத்தின் மூன்றாம் வாரத் திங்களன்று திருப்பலியில் சிரியா நாட்டுப் படைத்தலைவர் நாமானின் வரலாற்றைக் கேட்கிறோம் (2 அரசர் 5). தொழுநோய் நீங்க வேண்டி வந்தவரிடம், இறைவாக்கினர் எலிசா நேரில் வராமலே, யோர்தானில் ஏழுமுறை மூழ்கி எழும்படி ஆள் அனுப்பிச் சொன்னார். நாமான் கோபங்கொண்டார். தமஸ்கு நகரின் ஆறுகள் இதைவிட மேலானவை என்று எண்ணினார். பணியாளர்கள் எடுத்துச் சொன்ன பிறகே தண்ணீரில் இறங்கினார், நலமடைந்தார். திருச்சட்ட அறிவை அடையும் 48 வழிகளுள் ஒன்றாக, ஞானியர்மீது கொள்ளும் நம்பிக்கையை யூத மரபு எண்ணுவது இதனால்தான் பொருள் நிறைந்தது.

நம் அரியலூர் மண்ணிலும் இதுபோன்ற ஒரு நிகழ்வைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரியலூர்ச் சிற்றரசர் அரங்கப்ப மழவராயரை இராஜபிளவை நோய் வாட்டியது. எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவரைத் தேடி வந்தார். முனிவர் அடைக்கல மாதாவை வேண்டி, அங்கிருந்த சேற்று மண்ணை எடுத்துப் புண்ணில் பூசினார். அரச மேனிக்குச் சேறா என்று மன்னர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. நலம் பெற்றார், நன்றியாக மாதா கோயிலுக்கு நிலம் அளித்தார் என்பது மரபு.

இப்படிச் சொல்லும் தகுதி முனிவருக்கு எங்கிருந்து வந்தது? 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, சபை அனுப்பிய இடத்திற்கு வந்தார். ஐரோப்பாவில் கற்றுத் தேர்ந்த அவர், இங்கே தமிழ்ப் புலவர்களிடம் மாணவராக அமர்ந்தார். உடையையும் உணவையும் மாற்றிக்கொண்டார். மற்றவரைப் பணியச் சொல்லுமுன் தாமே பணிந்தவர் அவர். 1726-இல் 3,615 பாடல்களில் அவர் முடித்த தேம்பாவணியின் தலைவரும் புனித சூசையப்பரே. மனம் கலங்கிய வேளையிலும் வானதூதர் சொன்னதை ஏற்று, அன்னை மரியாவை ஏற்றுக்கொண்ட யூத நேர்மையாளர் அவர். முனிவர் 1747-இல் இறைவனடி சேர்ந்தார்.

அன்புக்குரியவர்களே, நாம் ஆலோசனை கேட்கிறோம். ஆனால் நமக்குப் பிடித்த பதிலையே எதிர்பார்க்கிறோம். நவநாள் செய்யச் சொன்னால் செய்கிறோம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகச் சொன்னால் போகிறோம். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் வீட்டு வாசலுக்கு நீயே முதலில் போ என்றால் மட்டும் கால் நகர்வதில்லை. குடியை விடு என்றால் வேறு சாமியாரைத் தேடுகிறோம். குருக்களாகிய நாமும் விலக்கல்ல. மாற்றல் ஆணை வரும்போது நம் மனமும் யோர்தான் கரையிலேயே தயங்கி நிற்கிறது.

சொல்பவர் தாமும் பணிந்து வாழ்பவரா என்று பார்ப்பது தவறல்ல. பார்த்து அறிந்த பின்னும் ஏற்காமலிருந்தால், நம்மைத் தடுப்பது அறிவு அல்ல, அகந்தை.

பெரம்பலூர், அரியலூர்ப் பங்குகளிலிருந்து ஏலாக்குறிச்சி செல்லும் நாம், இம்முறை நோய் தீர மட்டும் மன்றாடாமல், கசப்பான நல்ல சொல்லை ஏற்கும் மனத்தையும் கேட்போம். அடைக்கல அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.